டெக்சாஸ் காய்ச்சல் - கௌபாய்களைத் தடுத்து நிறுத்திய உண்ணி

கௌபாய் என்றதும் நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது குதிரை, தொப்பி, துப்பாக்கி. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லர் படித்து வளர்ந்தவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். ஆனால் ஒரு விஷயம் அந்தக் கதைகளில் அதிகம் வராது. கௌபாய் என்பவன் அடிப்படையில் மாடு மேய்ப்பவன். மாட்டை ஓட்டிக்கொண்டு போய் விற்பதுதான் அவன் பிழைப்பு. அந்தப் பிழைப்பைக் கெடுத்தது செவ்விந்தியரோ, கொள்ளைக்காரனோ மட்டும் இல்லை. மாட்டின் தொடையிடுக்கில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் உண்ணியும்தான். நம் ஊர் மாடுகளிலும் நாய்களிலும் பிடுங்கிப் போடுகிறோமே, அதே இனம்.

இந்தக் கட்டுரை அந்த உண்ணி பரப்பிய ஒரு நோயைப் பற்றியது. அமெரிக்காவில் அதை டெக்சாஸ் காய்ச்சல் என்றார்கள். மருத்துவ வரலாற்றில் இதற்குப் பெரிய இடம் உண்டு. கொசு மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897இல். அதற்கு நாலு வருடம் முன்பே, ஒரு பூச்சிவகை உயிர் ஒரு மிருகத்திலிருந்து இன்னொரு மிருகத்துக்கு நோயைக் கொண்டுபோகிறது என்று நிரூபித்தது இந்த மாட்டு நோய் ஆராய்ச்சிதான். ஆனாலும் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ராஸ் இருக்கிறார், மாடு இல்லை!

(முதலிலேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். உண்ணி என்பது கண்ணுக்குத் தெரிகிற பூச்சி. எட்டுக்கால் என்பதால் கண்டிப்பான கணக்கில் பூச்சி இல்லை, சிலந்தியின் உறவு. ஒட்டுண்ணி என்பது பொதுப்பெயர், இன்னொரு உயிரை அண்டிப் பிழைக்கும் எதுவும் ஒட்டுண்ணிதான். இந்தக் கதையில் உண்ணியும் ஒரு ஒட்டுண்ணி, உண்ணிக்குள்ளே இருக்கும் கிருமியும் ஒரு ஒட்டுண்ணி.)

நோயில்லாத மாடு பரப்பும் நோய்

முதலில் புதிரைப் பார்ப்போம். அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களிலிருந்து மாட்டு மந்தை ஒன்று வடக்கே வருகிறது. மாடுகள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. மேய்கின்றன, அசைபோடுகின்றன, நடக்கின்றன. மந்தை ஒரு புல்வெளியில் தங்கிவிட்டுப் போய்விடுகிறது. ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து அந்தப் புல்வெளியில் மேய்ந்த உள்ளூர் மாடுகள் காய்ச்சலில் விழுகின்றன. கண் சொருகி, முதுகு வளைந்து, தீனி எடுக்காமல் நிற்கின்றன. மூத்திரம் காப்பி நிறத்தில், ரத்தமாகப் போகிறது. சில நாட்களில் செத்துவிழுகின்றன. அறுத்துப் பார்த்தால் மண்ணீரல் வீங்கிக் கிடக்கிறது, ரத்தம் தண்ணீர் மாதிரி நீர்த்துப் போயிருக்கிறது.

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மீஸ் என்ற மருத்துவர் 1814இலேயே இந்த விசித்திரத்தை எழுதி வைத்திருக்கிறார். தெற்கிலிருந்து வரும் மாடு தான் நன்றாக இருந்துகொண்டே மற்ற மாடுகளுக்கு நோய் தருகிறது என்று. அதற்குப் பிறகு எழுபது எண்பது வருடம் இதற்கு விடை கிடைக்கவில்லை.

புதிரில் இன்னும் சில முடிச்சுகள். காய்ச்சல் கண்ட வடக்கத்தி மாட்டின் பக்கத்தில் இன்னொரு வடக்கத்தி மாட்டைக் கட்டினால் அதற்கு நோய் வருவதில்லை. அதாவது நோயில்லாத மாடு நோயைத் தருகிறது, நோயுள்ள மாடு தருவதில்லை! கோடையில் மட்டும் வருகிறது. உறைபனி விழுந்தால் நின்றுவிடுகிறது. அதோடு வடக்கத்தி மாட்டை விலைகொடுத்து வாங்கித் தெற்கே கொண்டுபோனால் அதுவும் செத்துப்போகிறது. டெக்சாஸ்காரர்கள் உயர்ந்த ஜாதிக் காளை வாங்கி இனத்தை மேம்படுத்தலாம் என்று செய்த முயற்சியெல்லாம் இப்படித்தான் மண்ணாய்ப் போனது.

மிசௌரியின் விவசாயிகளுக்கு விஞ்ஞானம் தேவைப்படவில்லை. டெக்சாஸ் மாடு வந்தால் நம் மாடு சாகும், அவ்வளவுதான் கணக்கு. 1850களிலேயே ஊர்க்காரர்கள் துப்பாக்கியோடு சாலையில் நின்று மந்தைகளைத் திருப்பி அனுப்பினார்கள். 1855இல் மிசௌரி ஒரு சட்டம் போட்டது. நோயுள்ள மாட்டை மாநிலத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று. சட்டம் ஒன்றுக்கும் உதவவில்லை. ஏன் என்று ஊகித்திருப்பீர்கள். டெக்சாஸ் மாட்டுக்குத்தான் நோயே இல்லையே! மந்தைக்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான், என் மாட்டைப் பார், எதற்காவது காய்ச்சல் இருக்கிறதா? அவன் சொன்னதில் பொய் இல்லை. உன் மாடு வந்ததால்தான் என் மாடு செத்தது என்று விவசாயி சொன்னதும் பொய் இல்லை. இரண்டு பேரும் உண்மையைச் சொல்லிக்கொண்டு ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளத் தயாராக நின்றார்கள்.

நாலு டாலர் மாடும் நாற்பது டாலர் மாடும்

1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர். டெக்சாஸ் ஆண்கள் போருக்குப் போனார்கள், மாடுகள் கட்டுப்பாடில்லாமல் பெருகின. போர் முடிந்து பார்த்தால் லட்சக்கணக்கில் நீண்ட கொம்பு மாடுகள். உள்ளூரில் ஒரு மாடு நாலு டாலர் போனால் அதிகம். வடக்கே நகரங்களில் அதே மாடு நாற்பது டாலர். பத்து மடங்கு லாபம் நடந்துபோகும் தூரத்தில் இருந்தால் யார் சும்மா இருப்பார்கள்? (நடக்கும் தூரம் என்பது இங்கே ஆயிரம் மைல்!) 1866இல் மந்தைகள் வடக்கே கிளம்பின. மிசௌரி, கான்சாஸ் எல்லையில் ஆயுதம் தாங்கிய விவசாயிகள் மறித்தார்கள். அடிதடி நடந்தது, மந்தைகள் சிதறின.

1867இல் ஜோசப் மெக்காய் என்ற வியாபாரி ஒரு வழி கண்டுபிடித்தார். விவசாயிகள் அதிகம் இல்லாத மேற்குக் கான்சாஸ் பக்கம் ரயில் பாதை போகிறது. அங்கே ஆபிலீன் என்ற சின்ன ஊரில் பெரிய மாட்டுப் பட்டிகளைக் கட்டி, இங்கே ஓட்டி வாருங்கள், ரயிலில் ஏற்றலாம் என்றார். சினிமாவில் பார்க்கும் கௌபாய் ஊர், சலூன், ஷெரீப் எல்லாம் உண்டான இடம் இதுதான். இந்த ஊர் ஏன் அங்கே முளைத்தது என்று கேட்டால் ரயில் ஒரு பாதிக் காரணம், மறுபாதி இந்தக் காய்ச்சல். கான்சாஸ் அரசு ஒரு கோடு போட்டு, அதற்குக் கிழக்கே டெக்சாஸ் மாடு கோடையில் வரக் கூடாது என்றது. குடியேற்றம் மேற்கே நகர நகரக் கோடும் மேற்கே நகர்ந்தது, கூடவே கௌபாய் ஊர்களும் நகர்ந்தன. கடைசியில் 1885இல் கான்சாஸ் மாநிலம் முழுவதையுமே டெக்சாஸ் மாட்டுக்கு மூடிவிட்டது. முள்கம்பி வேலியும் அதற்குள் வந்துவிட்டது. மந்தை ஓட்டும் காலம் முடிந்தது. கௌபாய்களின் பொற்காலம் என்று சொல்கிறார்களே, அது மொத்தமே இருபது வருடம்தான்.

1868இல் பெரிய அடி விழுந்தது. டெக்சாஸ் மாடுகளைப் படகிலும் ரயிலிலும் ஏற்றி இல்லினாய்க்குக் கொண்டுவந்தார்கள். நடத்தி வந்திருந்தால் வழியிலேயே மூன்று நான்கு மாதம் போய் உண்ணிகள் பெரும்பாலும் உதிர்ந்திருக்கும். ரயில் வேகம் அதற்கு நேரம் கொடுக்கவில்லை. இல்லினாய், இந்தியானா இரண்டிலும் ஆயிரக்கணக்கில் மாடுகள் செத்தன. கிழக்கு நகரங்களில் மாட்டுக்கறி வாங்கவே மக்கள் பயந்தார்கள். அரசாங்கம் ஜான் காம்ஜீ என்ற புகழ்பெற்ற பிரிட்டிஷ் கால்நடை மருத்துவரை விசாரிக்கச் சொன்னது. அவர் ஊர் ஊராகப் போனார். மந்தைக்காரர்கள் பலர் அவரிடம் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள், இது உண்ணியால் வருகிறது என்று. காம்ஜீ அதை ஒரு அபத்தம் என்று ஒதுக்கிவிட்டார்.

இதில் காம்ஜீயை மட்டும் திட்டிப் பயனில்லை. அந்தக் காலத்தில் பூச்சி நோயைப் பரப்பும் என்பதற்கு ஒரு உதாரணம்கூடக் கிடையாது. உண்ணி எல்லா மாட்டிலும் இருக்கிறது, டெக்சாஸ் மாட்டில் கொத்துக் கொத்தாக இருக்கிறது, அது மட்டும் சாகவில்லையே என்று ஒரு படித்தவர் கேட்டால் மேய்ப்பவனிடம் பதில் இல்லை. கண்ணால் கண்டது அவனிடம் இருந்தது, காரணம் இல்லை.

சொந்த மாநிலத்துக்குள்ளேயே வேடிக்கை நடந்தது. 1880களின் தொடக்கத்தில் டெக்சாஸின் வடமுனையில் இருந்த சார்ல்ஸ் குட்நைட் போன்ற பெரிய பண்ணைக்காரர்கள், தென் டெக்சாஸ் மாடுகள் தங்கள் நிலம் வழியாக வரக் கூடாது என்று ஆள் போட்டு மறித்தார்கள். வின்செஸ்டர் துப்பாக்கியைக் காட்டி மறித்ததால் அதற்கு வின்செஸ்டர் குவாரண்டைன் என்றே பெயர். முன்பு மிசௌரிக்காரன் செய்ததை அநியாயம் என்ற அதே டெக்சாஸ்காரர்கள்!

மூன்று தொழுவங்கள்

1884இல் அமெரிக்க அரசு கால்நடைத் தொழில் துறை ஒன்றை ஆரம்பித்தது. தலைவர் டேனியல் சால்மன். (சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவின் பெயர் இவர் பெயரிலிருந்து வந்ததுதான். மீனுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) அவர் செய்த முதல் உருப்படியான காரியம் வரைபடம் போட்டது. எந்தெந்த மாவட்டத்து மாடு நோயைத் தருகிறது, எது தரவில்லை என்று விசாரித்து, அட்லாண்டிக் கரையிலிருந்து மேற்கே ஒரு கோடு இழுத்தார்.

அது பாக்டீரியா காலம். 1876இல் ராபர்ட் காக் அடைப்பான் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை நிரூபித்திருந்தார், 1882இல் காசநோய். அடைப்பானும் மாட்டு நோய்தான், அதிலும் மண்ணீரல் வீங்கும். ஆகவே டெக்சாஸ் காய்ச்சலுக்கும் ஒரு பாக்டீரியா இருக்க வேண்டும் என்று எல்லோரும் தேடினார்கள். தேடினால் கிடைக்காமல் போகுமா? செத்த மாட்டின் உடம்பில் பாக்டீரியாவுக்கா பஞ்சம்! நெப்ராஸ்காவில் ஃபிராங்க் பில்லிங்ஸ் என்பவர் இதோ கண்டுபிடித்துவிட்டேன் என்று அறிவித்தார். சால்மன் துறைக்கும் அவருக்கும் பத்திரிகைகளில் பெரிய சண்டையே நடந்தது.

தியோபால்ட் ஸ்மித் இந்தத் துறையில் வேலைக்குச் சேர்ந்த இளம் டாக்டர். 1859இல் பிறந்தவர், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவர் செத்து நேரமான மாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு, அப்போதுதான் செத்த மாட்டையும் காய்ச்சலில் இருக்கும் மாட்டின் ரத்தத்தையும் பார்த்தார். பாக்டீரியா எதுவும் இல்லை. ஆனால் ரத்தச் சிவப்பணுக்களுக்கு உள்ளே பேரிக்காய் வடிவத்தில் இரட்டை இரட்டையாக ஏதோ இருந்தது. அதுதான் சிவப்பணுவை உடைக்கிறது. உடைந்த ரத்தத்தின் நிறம்தான் மூத்திரத்தில் வருகிறது. ருமேனியாவில் விக்டர் பாபெஷ் என்பவர் 1888இல் இதே போன்ற உயிரை மாட்டு ரத்தத்தில் பார்த்திருந்தார். அவர் பெயரால்தான் இன்று இதை பபேசியா என்கிறோம். பாக்டீரியா இல்லை, மலேரியா கிருமி மாதிரி ஒருசெல் ஒட்டுண்ணி.

கிருமி கிடைத்தது. அது எப்படி ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது? இங்கேதான் துறையின் கால்நடை மருத்துவர் ஃபிரெட் கில்போர்ன் வருகிறார். வாஷிங்டன் ஓரத்தில் இருந்த சோதனைப் பண்ணை அவர் பொறுப்பில் இருந்தது. மேய்ப்பவர்கள் இத்தனை வருடமாக உண்ணி உண்ணி என்கிறார்களே, அதையே சோதித்துப் பார்த்தால் என்ன என்று இறங்கினார். 1889 கோடையில் வட கரோலினாவிலிருந்து உண்ணி பிடித்த மாடுகளை வரவழைத்தார்கள்.

சோதனை மிக எளிமையானது. ஒரு வேலிக்குள் உண்ணியோடு கூடிய தெற்கத்தி மாடுகள், கூடவே வடக்கத்தி மாடுகள். இன்னொரு வேலிக்குள் தெற்கத்தி மாடுகள்தான், ஆனால் உடம்பில் இருந்த உண்ணி ஒவ்வொன்றையும் கையால் பிடுங்கி எடுத்துவிட்டார்கள். கூடவே வடக்கத்தி மாடுகள். மூன்றாவதில் தெற்கத்தி மாடே கிடையாது. புல்லில் உண்ணியை மட்டும் தூவி வடக்கத்தி மாடுகளை விட்டார்கள்.

வாஷிங்டன் கோடை வெயிலில், உதைக்கிற மாட்டின் காதுக்குள்ளும் மடிக்குப் பின்னாலும் விரலை விட்டு, கடுகளவு உண்ணியைக் கூடத் தப்பவிடாமல் தினமும் பிடுங்குவதை யோசித்துப் பாருங்கள். நோபல் பரிசு ஆராய்ச்சி என்றால் பளபள கருவிகள் என்று நினைப்போம் (இவர்களுக்கு நோபலும் கிடைக்கவில்லை). இங்கே முக்கியக் கருவி விரல் நகம்.

முதல் வேலியில் வடக்கத்தி மாடுகள் செத்தன. இரண்டாவது வேலியில் நன்றாக மேய்ந்துகொண்டிருந்தன. மூன்றாவது வேலியில், தெற்கத்தி மாட்டின் வாசனையே படாமல், காய்ச்சல் வந்தது. மேய்ப்பவன் சொன்னது சரி.

முட்டை வழியாக

ஆனால் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. இந்த உண்ணி வாழ்நாள் முழுவதையும் ஒரே மாட்டில் கழிக்கும் ஜாதி. குஞ்சாக ஏறுகிறது, அங்கேயே சட்டை உரித்து வளர்கிறது, அங்கேயே ஜோடி சேர்கிறது, மூன்று வாரத்தில் கொட்டைமுத்து மாதிரி உப்பிக் கீழே விழுகிறது. ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகிறது. கொசு மாதிரி இவனைக் கடித்துவிட்டு அவனைக் கடிப்பதில்லை. ஒரு மாட்டைவிட்டு இன்னொரு மாட்டுக்குப் போகவே போகாத உண்ணி எப்படி நோயைக் கொண்டுபோகும்?

1890இல் ஸ்மித் ஆய்வுக்கூடத்தில் முட்டைகளைப் பொரிக்க வைத்தார். கண்ணாடிப் பாத்திரத்தில் பொரிந்த, எந்த மாட்டையும் இதுவரை பார்த்திராத உண்ணிக் குஞ்சுகளை, கொட்டகையில் தனியாகக் கட்டியிருந்த ஒரு மாட்டின் மேல் விட்டார். அதற்குக் காய்ச்சல் வந்தது. தாய் குடித்த ரத்தத்தில் இருந்த கிருமி முட்டைக்குள் போய், குஞ்சோடு பிறந்து, அடுத்த மாட்டுக்குப் போகிறது!

இதைத் தெரிந்துகொண்டபின் பழைய முடிச்சுகள் ஒவ்வொன்றாகத் தானே அவிழ்கின்றன. ஒரு மாதம் ஒன்றரை மாதம் தாமதம் எதற்கு? உண்ணி விழுந்து, முட்டையிட்டு, பொரிந்து, குஞ்சு புல் நுனியில் ஏறிக் காத்திருந்து, மாட்டில் ஏறிக் கடித்து, கிருமி பெருக ஆகும் நேரம். நோயுள்ள வடக்கத்தி மாடு ஏன் பரப்பவில்லை? அதன் மேல் இருக்கும் உண்ணி இறங்கி முட்டை பொரிவதற்குள் பெரும்பாலும் பனி வந்துவிடும். உறைபனியில் ஏன் நிற்கிறது? உண்ணி குளிரில் சாகும். தெற்கத்தி மாடு ஏன் சாகவில்லை? அது கன்றாக இருக்கும்போதே உண்ணி கடித்துக் கிருமி உள்ளே போய்விடுகிறது. கன்றுகளுக்கு இந்த நோய் லேசாக வந்து போகும். அதற்குப் பிறகு கிருமி உடம்பிலேயே சத்தமில்லாமல் இருக்கும், மாடும் தெம்பாக இருக்கும். அந்த ரத்தத்தைக் குடிக்கும் உண்ணிதான் விதை.

1893இல் ஸ்மித், கில்போர்ன் இருவர் பெயரிலும் அறிக்கை வந்தது. இந்த உண்ணியின் வாழ்க்கைச் சுற்றைப் பொறுமையாக ஆராய்ந்து சொன்ன கூப்பர் கர்ட்டிஸ் பெயர் அட்டையில் இல்லை. யாருக்கு எவ்வளவு பெருமை என்று பிறகு மனக்கசப்பு வந்தது. 1926இல் பால் டி க்ரூயிஃப் எழுதிய மைக்ரோப் ஹன்டர்ஸ் உலகமெங்கும் பிரபலமாகி, ஸ்மித்தைக் கதாநாயகனாக நிறுத்தியது. என் பார்வையில் இது கில்போர்னுக்கும் கர்ட்டிஸுக்கும் நடந்த அநியாயம். பெயர் தெரியாத அந்த மேய்ப்பவர்களுக்கு நடந்தது அதைவிடப் பெரியது.

பாஷாணத் தொட்டி

இதுவரை வெற்றிக் கதை. இனிமேல் வருவது அவ்வளவு இனிப்பாக இருக்காது.

காரணம் தெரிந்துவிட்டது, உண்ணியை ஒழித்தால் நோய் ஒழியும். எப்படி ஒழிப்பது? கிங் ரேஞ்ச் என்ற மாபெரும் டெக்சாஸ் பண்ணையின் ராபர்ட் கிளேபர்க் 1890களில் மாட்டை முக்கி எடுக்கும் தொட்டி கட்டிப் பார்த்தார். டெக்சாஸ் விவசாயக் கல்லூரியின் மார்க் பிரான்சிஸ் கச்சா எண்ணெய் உட்படப் பலவற்றைச் சோதித்தார். கடைசியில் நிலைத்தது ஆர்சனிக், அதாவது நம் பாஷாணம். தரையில் நீளமான ஒரு கான்கிரீட் பள்ளம். ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கும், மாடு தொப்பென்று விழுந்து முழுக்க நனைந்து நீந்தி மறுபக்கம் ஏறும். பதினாலு நாளைக்கு ஒருமுறை, ஊரில் உள்ள ஒவ்வொரு மாட்டையும், மாதக்கணக்கில். ஒரே ஒரு மாடு தப்பினாலும் மொத்த வேலையும் வீண்.

1906இல் மத்திய அரசும் தெற்கு மாநிலங்களும் சேர்ந்து இதைத் தொடங்கின. கட்டாயச் சட்டம். இப்போது ஒரு ஏழைத் தெற்கத்தி விவசாயியின் இடத்திலிருந்து பாருங்கள். ஜார்ஜியாவிலோ ஆர்கன்சாவிலோ அவனுக்கு இரண்டு மாடு. காட்டில் அவிழ்த்துவிட்டு மேய்ப்பவன். அவன் மாட்டுக்குக் காய்ச்சல் வந்ததே இல்லை, அவன் அப்பன் மாட்டுக்கும் வந்ததில்லை. அவன் மாட்டை வடக்கே விற்கப்போவதும் இல்லை. வேலையை விட்டுவிட்டு, காட்டில் மாட்டைத் தேடிப் பிடித்து, மைல் கணக்கில் ஓட்டிப்போய் விஷத்தில் முக்கு என்கிறது அரசு. முக்கினால் பால் குறைகிறது, தோல் வெந்துபோகிறது, சினை கலைகிறது, சமயத்தில் செத்தும் போகிறது என்பது அவர்கள் புகார். முக்காவிட்டால் அபராதம். லாபம் யாருக்கு? நல்ல ஜாதி மாடு வாங்கி வடக்குச் சந்தையில் விற்கும் பெரிய பண்ணைக்காரனுக்கு.

1855 மிசௌரி சட்டத்தின் அதே சிக்கல்தான் இது, தலைகீழாக. என் மாட்டுக்கு நோய் இல்லை என்று அன்று மந்தைக்காரன் சொன்னதை இன்று இவன் சொன்னான். அன்றும் அது உண்மை, இன்றும் உண்மை.

பல இடங்களில் இரவோடு இரவாகத் தொட்டிகளுக்கு டைனமைட் வைத்தார்கள். ஆய்வாளர்களை அடித்தார்கள், சுட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். அரசு துப்பாக்கிக் காவலோடு முக்கியது. விவரம் தெரியாத ஜனங்கள் விஞ்ஞானத்தை எதிர்த்தார்கள் என்று இதை ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது சுலபம். நான் அப்படி எழுத மாட்டேன். உண்ணியால் நோய் வருகிறது என்று முதலில் சொன்னதே விவரம் தெரியாத ஜனங்கள்தான்! அவர்கள் கேட்டது வேறு கேள்வி. செலவு எனக்கு, வரவு உனக்கு, இது என்ன நியாயம்? அதற்கு நுண்ணோக்கியில் பதில் கிடையாது. தொட்டியைக் கட்டிக் கொடுத்து, மாடு செத்தால் உடனே நஷ்ட ஈடும் கொடுத்திருந்தால் டைனமைட் பாதி குறைந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

அரசு பின்வாங்கவில்லை. மாவட்டம் மாவட்டமாகக் கோடு தெற்கே நகர்ந்தது. புளோரிடாவில் மான்களிலும் உண்ணி இருக்கிறது என்று ஆயிரக்கணக்கில் மான்களைச் சுட்டார்கள். 1943இல் நாடு முழுவதும் ஒழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். புளோரிடாவில் மட்டும் மூவாயிரத்துக்கு மேல் இருந்த தொட்டிகள் மூடப்பட்டன. அந்த ஆர்சனிக் மண்ணிலேயே தங்கிவிட்டது. வீட்டுமனை போட நிலம் வாங்குபவர்கள் பழைய தொட்டி இருந்த இடமா என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

நெல்லூர் மாடும் நீல்காயும்

கடைசியாக நம் பக்கத்துச் சம்பந்தம் ஒன்று.

ஷாங்காய் பியர்ஸ் என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு டெக்சாஸ் பண்ணைக்காரர் இருந்தார். திமில் உள்ள இந்திய மாட்டில் உண்ணி அவ்வளவாக ஏறாது என்று அவருக்கு நம்பிக்கை. அவர் 1900இல் இறந்துவிட்டார். அவர் உறவினர் ஏ.பி. போர்டன் 1906இல் இந்தியாவுக்கே வந்து, சுமார் ஐம்பது மாடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார். நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியதும் சிக்கல். சில மாடுகளின் ரத்தத்தில் சர்ரா என்ற வேறொரு ஒட்டுண்ணி இருந்தது. அதையும் இந்தியாவில்தான் கண்டுபிடித்தார்கள், 1880இல் பஞ்சாப் பக்கம் கிரிஃபித் எவன்ஸ் என்ற ராணுவக் கால்நடை மருத்துவர், குதிரை, ஒட்டகங்களின் ரத்தத்தில். ஒரு ஒட்டுண்ணிக்கு மருந்தாகக் கொண்டுபோன மாடு இன்னொரு ஒட்டுண்ணியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறது! தீவு ஒன்றில் மாதக்கணக்கில் அடைத்துவைத்து, நோயுள்ளவற்றைக் கழித்துவிட்டு மீதியை டெக்சாஸுக்கு விட்டார்கள்.

அந்த மாடுகளும், முன்னும் பின்னும் பிரேசில், மெக்சிகோ வழியாக வந்தவைகளும் கலந்து உருவானதுதான் அமெரிக்காவின் பிராமன் இனம். 1924இல் அதற்குச் சங்கமே வைத்தார்கள். கிர், காங்ரேஜ் போன்ற குஜராத் மாடுகளோடு அதில் நெல்லூர் மாடும் சேர்ந்திருக்கிறது. நாம் ஓங்கோல் மாடு என்கிறோமே, அதுதான். அன்றைக்கு நெல்லூரும் ஓங்கோலும் சென்னை மாகாணத்துக்குள். சின்ன மயிர், கெட்டித் தோல், ஈ உட்கார்ந்தால் சுண்டிச் சுண்டி உதறும் சதை, உண்ணி கடித்தால் சட்டென்று எதிர்க்கும் உடம்பு, இதெல்லாம் உண்ணி நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து பெற்ற சொத்து.

அமெரிக்கா நம் மாட்டை வாங்கிக்கொண்டிருக்க, நாம் 1960களுக்குப் பிறகு எதிர்த்திசையில் போனோம். பாலுக்காக ஜெர்சி, ஹோல்ஸ்டீன் கலப்பு. பால் பெருகியது, மறுக்கவில்லை. கூடவே ரத்த மூத்திரம் போகும் உண்ணிக் காய்ச்சலும் கலப்பின மாட்டுக்காரர்களின் செலவுக் கணக்கில் ஏறியது. டெக்சாஸுக்குப் போன வடக்கத்தி காளையின் கதைதான். வித்தியாசம், இப்போது ஊசி மருந்து இருக்கிறது, சீக்கிரம் டாக்டரைக் கூப்பிட்டால் மாடு பிழைக்கும். நம் ஊரில் உண்ணியை அடியோடு ஒழிக்க யாரும் முயலவில்லை. உறைபனி இல்லாத ஊரில் அது லேசான காரியமும் இல்லை.

அமெரிக்காவில் வேலை இன்னும் முடியவில்லை. மெக்சிகோவில் இந்த உண்ணி இருக்கிறது. ஆகவே ரியோ கிராண்டே நதிக்கரையை ஒட்டி, டெல் ரியோவிலிருந்து கடல் வரை சுமார் 500 மைல் நீளத்துக்கு நிரந்தர குவாரண்டைன் பட்டை. ஆற்றைத் தாண்டி வரும் அநாதை மாடுகளைப் பிடிக்கக் குதிரையில் ரோந்து போகும் அரசாங்க ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையில் சம்பளம் வாங்கும் கௌபாய்கள்! உள்நாட்டில் இப்போது எந்த மாட்டுக்கும் இந்த நோய்க்கு எதிர்ப்பு சக்தி கிடையாது என்பதால் காவலை விடவும் முடியாது. ஒழித்ததனாலேயே வந்த ஆபத்து அது.

இதில் அவர்களுக்குப் பெரிய தலைவலி, வேலியைத் தாண்டித் திரியும் ஒரு காட்டு மிருகம். உண்ணியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் போகிறது, மாட்டைப் பிடிக்கிற மாதிரி பிடித்து மருந்து போடவும் முடியாது. 1920களில் தொடங்கி வேட்டைக்காகக் கிங் ரேஞ்சில் கொண்டுவந்து விட்டது, இப்போது தென் டெக்சாஸில் பல்லாயிரக்கணக்கில் பெருகியிருக்கிறது. நம் ஊர் நீல்காய்.